ஓப்பன்ஸ்டாக்கில் நெட்வொர்க் கோட்டா: கூட்டும் முன் எண்ணிப் பாருங்கள்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிளம்பும் நேரத்தில், டெவலப்மென்ட் குழுவிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணா, ஸ்கிரிப்ட் பாதியில நிக்குது. நாப்பது மெஷின் கேட்டேன், இருபத்தாறுதான் வந்துச்சு." லாகைத் திறந்தேன். 409 என்ற பிழை எண், பக்கத்தில் போர்ட் (மெஷின் நெட்வொர்க்கில் செருகிக்கொள்ளும் முனை) கோட்டா தாண்டிவிட்டது என்று ஒரே ஒரு வரி. அந்த ப்ராஜெக்ட்டின் போர்ட் வரம்பை 500-லிருந்து 1000 ஆக்கினேன். இரண்டு நிமிட வேலை. தம்பி மிச்ச மெஷின்களை எழுப்பிக்கொண்டார், நானும் வீட்டுக்குப் போனேன்.

ஐந்து வாரம் கழித்து அதே ப்ராஜெக்ட், அதே 409. இந்த முறை வரம்பில் கை வைக்காமல் போர்ட் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் அறுபதுகூட இல்லை. போர்ட்டுகள் மட்டும் ஆயிரம். ஒவ்வொரு சோதனைக்கும் ஸ்கிரிப்ட் முதலில் போர்ட்டுகளைத் தனியாக உருவாக்கி, அப்புறம் மெஷினை அதில் பொருத்தியிருக்கிறது. சோதனை முடிந்ததும் யாரோ டாஷ்போர்டில் போய் மெஷின்களை மட்டும் அழித்திருக்கிறார்கள். போர்ட்டுகள் அப்படியே தங்கிவிட்டன. முதல் நாளே பட்டியலைப் பார்த்திருந்தால் கோட்டாவைக் கூட்ட வேண்டிய தேவையே இருந்திருக்காது.

ஓப்பன்ஸ்டாக் நிர்வாகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன். கோட்டாவை மாற்றும் கட்டளை ஒரே வரி, அதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். அந்த எண் எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் வேலை.

கட்டளைகளை நாம் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

எதற்கு இந்த வரம்பு

ஓப்பன்ஸ்டாக் 2010-இல் நாசாவும் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய திறமூல கிளவுட் மென்பொருள். சொந்த டேட்டா சென்டரில் சர்வர்களை வைத்துக்கொண்டு, பல குழுக்களுக்கு மெஷினும் நெட்வொர்க்கும் டிஸ்க்கும் பிரித்துக் கொடுக்க வேண்டியவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். மெஷின்களை (விர்ச்சுவல் மெஷின்களைத்தான் சொல்கிறேன்) கவனிப்பது நோவா, டிஸ்க்குகளைக் கவனிப்பது சிண்டர், நெட்வொர்க்கைக் கவனிப்பது நியூட்ரான். நியூட்ரானுக்கு முதலில் குவான்டம் என்றுதான் பெயர். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு நிறுவனம் இருந்ததால், வணிகக் குறி சிக்கலில் 2013-இல் பெயரை மாற்றினார்கள். பழைய மடல்களிலோ குறிப்புகளிலோ குவான்டம் என்று கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ப்ராஜெக்ட். ஒரு ப்ராஜெக்ட் எத்தனை நெட்வொர்க், எத்தனை சப்நெட், எத்தனை ரவுட்டர் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு நியூட்ரான் போடும் எண்ணிக்கை வரம்புதான் கோட்டா. இது வேகத்துக்கான வரம்பு இல்லை. வினாடிக்கு எத்தனை மெகாபிட் போகலாம் என்பது க்யூஓஎஸ் பாலிசியின் வேலை. புதியவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, "நெட் ஸ்லோவா இருக்கு, கோட்டாவ கூட்டுங்க" என்று வருவார்கள். கோட்டாவைக் கூட்டினால் வேகம் ஒரு பிட்கூட கூடாது.

அமேசான் மாதிரிப் பொது கிளவுடிலும் இது உண்டு. அங்கே தொடக்கத்தில் ஒரு ரீஜனுக்கு 5 விபிசி (தனி நெட்வொர்க்), 5 எலாஸ்டிக் ஐபி (பொது முகவரி). வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். சொந்த ஓப்பன்ஸ்டாக்கில் அந்த விண்ணப்பம் வந்து சேரும் இடம் நீங்கள்தான். பின்னால் உண்மையான ஐபியும் வன்பொருளும் எவ்வளவு இருக்கிறது என்பதும் உங்கள் கவலைதான்.

யாரும் எதையும் மாற்றாத புது நியூட்ரானில் ஒரு ப்ராஜெக்ட்டுக்கு 100 நெட்வொர்க், 100 சப்நெட், 500 போர்ட், 10 ரவுட்டர், 50 ஃப்ளோட்டிங் ஐபி, 10 செக்யூரிட்டி குரூப், 100 செக்யூரிட்டி குரூப் விதி. ஃப்ளோட்டிங் ஐபி என்பது வெளியிலிருந்து மெஷினை அடைய அதற்கு மாட்டும் பொது முகவரி. செக்யூரிட்டி குரூப் என்பது மெஷினுக்குள் எது வரலாம், வெளியே எது போகலாம் என்ற விதிகளின் தொகுப்பு. எண்களைப் பார்த்தால் தாராளமாகத் தெரியும். இதில் நெட்வொர்க், சப்நெட், ரவுட்டர் மூன்றும் அன்றாட வேலையில் தொல்லை தருவதே இல்லை. தொல்லை வருவது போர்ட்டிலும் ஃப்ளோட்டிங் ஐபியிலும் செக்யூரிட்டி விதியிலும்தான். அதனால் நானும் அந்த மூன்றில்தான் நிறைய நேரம் நிற்கப் போகிறேன்.

படி 1: இப்போது என்ன நிலைமை என்று பாருங்கள்

அட்மின் உரிமையோடு உள்ளே போய், ஓப்பன்ஸ்டாக் கோட்டா ஷோ --நெட்வொர்க் --யூசேஜ் என்று அடித்து, கடைசியில் ப்ராஜெக்ட்டின் ஐடியைக் கொடுங்கள். ஒவ்வொரு வளத்துக்கும் லிமிட், இன் யூஸ், ரிசர்வ்ட் என்று மூன்று எண்கள் வரும். கிளையன்ட் பழையதாக இருந்து --யூசேஜ் தெரியாது என்று சொன்னால், ஓப்பன்ஸ்டாக் கோட்டா லிஸ்ட் --நெட்வொர்க் --டீடெயில் என்று கேளுங்கள்.

பெயரைக் கொடுக்காமல் ஐடியைக் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயனர்களையும் ப்ராஜெக்ட்டுகளையும் கவனிக்கும் கீஸ்டோனில், இரண்டு வேறு டொமைன்களில் (ப்ராஜெக்ட்டுகளைச் சேர்த்து வைக்கும் பெரிய பிரிவு) ஒரே பெயரில் ப்ராஜெக்ட் இருக்கலாம். டெஸ்ட், டெமோ போன்ற பெயர்கள் எல்லா டொமைனிலும் இருக்கும். ஐடியோடு பழகிக்கொண்டால் பக்கத்து வீட்டு வரம்பை மாற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சாதாரணப் பயனரும் தன் ப்ராஜெக்ட்டின் கோட்டாவைப் பார்க்கலாம், மாற்றத்தான் முடியாது. உங்கள் குழுக்களுக்கு இந்த ஒரு கட்டளையைச் சொல்லிக்கொடுங்கள். வாரத்தில் பாதி ஃபோன் குறையும்.

ரிசர்வ்ட் என்பது அந்த நொடியில் உருவாகிக்கொண்டிருக்கும் வளங்களுக்காகப் பிடித்து வைத்த இடம். பெரும்பாலும் பூஜ்யமாகத்தான் இருக்கும். லிமிட் பக்கத்தில் -1 என்று கண்டால் வரம்பே கிடையாது என்று பொருள். 0 என்றால் ஒன்றுகூட உருவாக்க முடியாது. இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஒரு முறை அழுத்திச் சொல்கிறேன்.

படி 2: பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள்

409 வந்தாலே கோட்டா தீர்ந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே 409-க்குப் பின்னால் வேறு வேறு சங்கதிகள் இருக்கும்.

"கோட்டா எக்ஸீடட் ஃபார் ரிசோர்சஸ்" என்று தொடங்கி அதன் பிறகு எந்த வளம் என்று சொன்னால், அது உண்மையிலேயே கோட்டாதான். "நோ மோர் ஐபி அட்ரஸஸ் அவெய்லபிள் ஆன் நெட்வொர்க்" என்று வந்தால் கோட்டாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சப்நெட்டில் முகவரியே தீர்ந்துவிட்டது. /26 சப்நெட் (மொத்தமே 64 முகவரி) போட்டுவிட்டு எண்பது மெஷின் எழுப்பினால் இதுதான் வரும். அங்கே கோட்டாவை ஆயிரம் ஆக்கினாலும் ஒன்றும் நகராது.

இன்னொன்று, நோவா வழியாக வருவது. மெஷினை உருவாக்கச் சொல்லும்போது, போதுமான போர்ட் இடம் இருக்கிறதா என்று நோவா முன்கூட்டியே நியூட்ரானைக் கேட்கும். இல்லையென்றால் 403 எண்ணோடு "மேக்ஸிமம் நம்பர் ஆஃப் போர்ட்ஸ் எக்ஸீடட்" என்று திருப்பி அனுப்பும். 403-ஐப் பார்த்து உரிமைப் பிரச்சினை என்று ரோல்களைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். எண்ணை விடுங்கள், வாக்கியத்தைப் படியுங்கள்.

படி 3: போர்ட்டை விரல் விட்டு எண்ணுங்கள்

போர்ட் என்றால் ஒரு நெட்வொர்க்கில் ஒரு செருகுமுனை, அவ்வளவுதான். மெஷினுக்கு ஒன்று என்று கணக்குப் போடுவதில்தான் தப்பு தொடங்குகிறது. மெஷின் இல்லாமலே போர்ட் பிடிக்கும் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள்.

ரவுட்டரை ஒரு சப்நெட்டில் இணைத்தால் அதற்கு ஒரு போர்ட். மெஷின்களுக்கு ஐபி முகவரியைச் சொல்லும் டிஹெச்சிபி ஏஜென்ட் ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் ஒரு போர்ட் வைத்திருக்கும். ஒன்று படுத்தாலும் இன்னொன்று ஓடட்டும் என்று நெட்வொர்க்குக்கு இரண்டு ஏஜென்ட் வைத்திருந்தால் இரண்டு போர்ட். ஓவிஎன் (நியூட்ரானுக்குப் பின்னால் நெட்வொர்க்கை ஓட்டும் ஒரு மென்பொருள்) பயன்படுத்துகிற இடங்களில் டிஹெச்சிபி ஏஜென்ட் தேவையில்லை, ஆனால் நெட்வொர்க்குக்கு ஒரு மெட்டாடேட்டா போர்ட் இருக்கும். லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளைப் பல மெஷின்களுக்குப் பிரித்துவிடுவது) வைத்தால், கோரிக்கைகள் வந்து சேரும் அதன் விஐபி முகவரிக்கு ஒன்று.

ஒரு சாதாரண மூன்றடுக்குப் பயன்பாட்டை எடுத்துக்கொள்வோம். வெப், ஆப், டேட்டாபேஸ் என்று மூன்று நெட்வொர்க், ஒவ்வொன்றிலும் ஒரு சப்நெட், ஒரு ரவுட்டர். நெட்வொர்க்குக்கு இரண்டு டிஹெச்சிபி ஏஜென்ட். வெப் மெஷின் 8, ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு. ஆப் மெஷின் 6, இவை டேட்டாபேஸ் நெட்வொர்க்கிலும் கால் வைத்திருப்பதால் ஆளுக்கு இரண்டு கார்டு. டேட்டாபேஸ் மெஷின் 3. முன்னால் ஒரு லோட் பேலன்சர்.

ரவுட்டருக்கு 3, டிஹெச்சிபிக்கு 6, வெப்புக்கு 8, ஆப்புக்கு 12, டேட்டாபேஸுக்கு 3, விஐபிக்கு 1. மொத்தம் 33. பதினேழு மெஷினுக்கு முப்பத்து மூன்று போர்ட்.

இதோடு கணக்கு முடியவில்லை. புது வெர்ஷன் ஏற்றும்போது பழைய மெஷினை நிறுத்தும் முன் புதியதை எழுப்புவது வழக்கம். மெஷின்கள் பிடித்திருக்கும் 23 போர்ட்டும் அந்த அரை மணி நேரத்துக்கு இரட்டிப்பாகும். அப்போது உச்சம் 56. இந்த ப்ராஜெக்ட்டுக்கு நான் 70 அல்லது 80 கொடுப்பேன், 500 கொடுக்க மாட்டேன். 500 கொடுத்தால் குப்பை சேர்ந்து 500-ஐத் தொடும் வரை யாருக்கும் தெரியாது. 80 என்றால் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். இறுக்கமான கோட்டாவை நான் விரும்புவதற்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, தப்பு சீக்கிரம் வெளியே வர வேண்டும் என்பதுதான்.

ரவுட்டரை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் கேட்வே போர்ட்டும், ஃப்ளோட்டிங் ஐபிக்காக நியூட்ரான் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும் போர்ட்டும் ப்ராஜெக்ட் கணக்கில் ஏறாது. அவற்றுக்கு ப்ராஜெக்ட் ஐடி காலியாக இருக்கும். ஆனால் வெளி நெட்வொர்க்கின் முகவரியை அவை தின்னும். அந்தக் கதைக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

பகிர்ந்த நெட்வொர்க் இருந்தால் ஒரு சந்தேகம் வரும். நெட்வொர்க் ஒரு ப்ராஜெக்ட்டுடையது, அதில் மெஷின் வைப்பது இன்னொரு ப்ராஜெக்ட். போர்ட் யார் கணக்கு? மெஷின் வைத்தவர் கணக்கு. போர்ட்டின் உரிமையாளர் யாரோ அவருடைய கோட்டாவில்தான் ஏறும்.

படி 4: கூட்டுவதற்கு முன் கூட்டிப் பெருக்குங்கள்

நோவா தானாக உருவாக்கிய போர்ட், மெஷினை அழித்தால் கூடவே போய்விடும். நீங்கள் தனியாக உருவாக்கி மெஷினுக்குக் கொடுத்த போர்ட் போகாது. அது உங்கள் பொருள் என்று நோவா விட்டுவிடும். நான் ஐந்து வாரத்தில் கற்றுக்கொண்டது இந்த ஒரு விதியைத்தான்.

அனாதைப் போர்ட்டுகளைக் கண்டுபிடிக்க, ஓப்பன்ஸ்டாக் போர்ட் லிஸ்ட் --லாங் என்று கேட்டு, --ப்ராஜெக்ட் கொடுத்து வடிகட்டுங்கள். டிவைஸ் ஓனர் என்ற இடம் காலியாகவும், ஸ்டேட்டஸ் டவுன் என்றும் இருப்பவை சந்தேகத்துக்குரியவை.

சந்தேகத்துக்குரியவை என்றுதான் சொல்கிறேன், குப்பை என்று சொல்லவில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கீப்அலைவ்டி வைத்து இரண்டு மெஷின்களுக்கிடையே ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்கிறவர்கள், அந்த முகவரியை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று ஒரு போர்ட்டை உருவாக்கி சும்மா வைத்திருப்பார்கள். அதில் எந்த மெஷினும் இருக்காது, எப்போதும் டவுன் என்றே காட்டும். பட்டியலில் அது அச்சு அசலாகக் குப்பை மாதிரியே தெரியும். அதை அழித்தால் அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு நாள் வேறு ஒரு மெஷினுக்கு நியூட்ரான் அதே முகவரியைக் கொடுக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் சேவை திணறத் தொடங்கும். காரணம் கண்டுபிடிக்க ராத்திரி முழுக்கப் போகும்.

அதனால் அழிக்கும் முன், அந்த ஐபி அதே நெட்வொர்க்கின் வேறு போர்ட்டுகளில் அலோவ்ட் அட்ரஸ் பேர்ஸ் (ஒரு போர்ட் தன் முகவரியோடு கூடுதலாகப் பயன்படுத்த அனுமதித்த முகவரிகள்) என்ற இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொடாதீர்கள். இல்லையென்றாலும் ப்ராஜெக்ட்காரரிடம் பட்டியலை அனுப்பி ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். இனிமேல் இப்படி வைக்கும் போர்ட்டுகளுக்குப் பெயரும் விவரமும் எழுதச் சொல்லுங்கள். பெயரில்லாத போர்ட்டுக்கு வக்கீல் கிடையாது.

ஃப்ளோட்டிங் ஐபிக்கு இந்த வேலை சுலபம். ஓப்பன்ஸ்டாக் ஃப்ளோட்டிங் ஐபி லிஸ்ட் --ஸ்டேட்டஸ் டவுன். எடுத்து வைத்துக்கொண்டு எந்த மெஷினுக்கும் மாட்டாதவை பெரும்பாலும் இதில் வரும். மாட்டவில்லை என்றாலும் கோட்டாவில் ஒன்று, வெளி நெட்வொர்க்கிலும் ஒன்று என இரண்டு இடத்திலும் கணக்கு ஏறியிருக்கும். ஆனால் திருப்பி வாங்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த முகவரியை வாடிக்கையாளரின் ஃபயர்வாலில் பதிந்து வைத்திருக்கலாம், டிஎன்எஸ்ஸில் எழுதி வைத்திருக்கலாம். ஒரு முறை பொதுக் குளத்துக்குப் போய்விட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

படி 5: செக்யூரிட்டி விதிகளை இளைக்க வையுங்கள்

ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் டிஃபால்ட் என்று ஒரு செக்யூரிட்டி குரூப் தானாக வரும். அதில் நான்கு விதிகள். வெளியே போக ஐபிவி4-க்கு ஒன்று, ஐபிவி6-க்கு ஒன்று. அதே குரூப்பிலிருந்து உள்ளே வர அதேபோல இரண்டு. நீங்கள் புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு குரூப்பும் வெளியே போகும் இரண்டு விதிகளோடு பிறக்கும். பத்து குரூப் நிரப்பினால், நீங்கள் ஒரு விதிகூட எழுதாமலே 22 விதிகள் கணக்கில் ஏறியிருக்கும்.

விதி வெடித்துப் பெருகுவது பெரும்பாலும் ஐபி வாரியாக எழுதுவதால். பன்னிரண்டு அலுவலக முகவரிகள், நான்கு போர்ட் எண்கள் (மேலே எண்ணிய செருகுமுனை இல்லை, மெஷினுக்குள் ஒரு சேவையின் எண்), மொத்தம் 48 விதி. நூறில் பாதி போச்சு. அந்த முகவரிகளை ஒரு அட்ரஸ் குரூப்பாகக் கட்டி, விதியில் அந்தக் குரூப்பைக் காட்டினால் நான்கே விதி. போர்ட் எண்கள் அடுத்தடுத்து இருந்தால் வீச்சாகக் கொடுத்து ஒன்றாகவும் ஆக்கலாம். உங்கள் மெஷின்களுக்குள்ளேயே பேசிக்கொள்ள ஐபியே எழுத வேண்டாம், ரிமோட் குரூப் போதும். மெஷின் வந்தாலும் போனாலும் விதியைத் தொட வேண்டியதில்லை.

விதி கோட்டாவைக் கூட்டச் சொல்லி வரும் கோரிக்கைகளில், முதலில் விதிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒரே விதி மூன்று குரூப்பில் எழுதியிருப்பதும், என்றோ போன மெஷினின் முகவரிக்கு இன்னும் கதவு திறந்திருப்பதும் அப்போதுதான் தெரியும். கோட்டாவைவிட இது பாதுகாப்புக்கு முக்கியம்.

படி 6: இப்போது மாற்றுங்கள்

எண்ணியாகிவிட்டது, குப்பையும் போயிற்று. அப்புறமும் தேவை இருந்தால் கூட்டுங்கள். ஓப்பன்ஸ்டாக் கோட்டா செட் --போர்ட்ஸ் 80 --ஃப்ளோட்டிங்-ஐபிஸ் 4, கடைசியில் ப்ராஜெக்ட் ஐடி. எதை மாற்ற வேண்டுமோ அதை மட்டும் கொடுங்கள். கொடுக்காதவை முன்பு இருந்தபடியே இருக்கும். செக்யூரிட்டி குரூப்புக்கு --செக்குரூப்ஸ், விதிகளுக்கு --செக்குரூப்-ரூல்ஸ். மாற்றியதும் படி 1-இல் சொன்ன கட்டளையை மறுபடி அடித்து, எண் மாறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு டிக்கெட்டை மூடுங்கள்.

குறைக்கும்போது ஒரு விஷயம். ப்ராஜெக்ட்டில் 60 போர்ட் ஓடும்போது வரம்பை 40 என்று வைத்தால் நியூட்ரான் வழக்கமாகத் தடுக்காது. ஓடுகிற எதுவும் அறுந்துபோகாது, ஆனால் புதிதாக ஒன்றுகூட உருவாக்க முடியாது. அந்த ப்ராஜெக்ட்டில் ஒரு மெஷின் பழுதாகி மாற்று எழுப்பப் போகும் அன்றைக்குத்தான் இது வெளியே வரும். அதனால் குறைக்கும்போதெல்லாம் --செக்-லிமிட் சேர்த்துக் கொடுங்கள். பயன்பாட்டுக்குக் கீழே போனால் மறுத்துவிடும். புதிய பதிப்புகளில்தான் இது உண்டு. பழையதில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாஷ்போர்டில் செய்ய விரும்பினால் ஹொரைசனில் ஐடென்டிட்டி, அதற்குள் ப்ராஜெக்ட்ஸ், அந்த வரிசையின் மெனுவில் மாடிஃபை கோட்டாஸ். நெட்வொர்க் கட்டங்கள் அங்கே தெரியவில்லை என்றால் ஹொரைசன் அமைப்பில் நியூட்ரானுக்கான எனேபிள் கோட்டாஸ் அணைந்திருக்கலாம். நான் டெர்மினலையே சொல்வேன். என்ன மாற்றினோம் என்பது வரியாக நிற்கும், டிக்கெட்டில் அப்படியே ஒட்டலாம்.

-1 போடும் ஆசை எல்லோருக்கும் ஒரு நாள் வரும். போடாதீர்கள். நீங்கள் நம்பாதது அந்தக் குழுவை இல்லை, அவர்கள் ராத்திரி ஓடவிட்டுப் போகும் ஸ்கிரிப்டை. சுழலில் மாட்டிய ஒரு ஸ்கிரிப்ட் விடியும் முன் பொது முகவரிகள் அத்தனையையும் எடுத்துவிடும். மற்ற குழுக்களுக்குக் காலையில் ஒன்றும் மிஞ்சாது.

நெட்வொர்க் கோட்டாவைக் கூட்டிவிட்டு நோவா பக்கம் இன்ஸ்டன்ஸ், கோர், ரேம் வரம்புகளையும் ஒரு கண் பாருங்கள். 80 போர்ட் கொடுத்து, இன்ஸ்டன்ஸ் (மெஷின்) வரம்பு 10-இல் நின்றால் தம்பி திரும்பவும் கூப்பிடுவார். லோட் பேலன்சருக்கு ஆக்டேவியாவில் தனி கோட்டா, டிஎன்எஸ்ஸுக்கு டெசிக்னேட்டில் தனி கோட்டா. நியூட்ரானில் மாற்றியது அங்கே போய்ச் சேராது.

படி 7: எல்லோருக்குமான தொடக்க எண்ணைச் சரிசெய்யுங்கள்

ஒவ்வொரு புது ப்ராஜெக்ட்டுக்கும் கையால் மாற்றிக்கொண்டிருந்தால் தொடக்க எண்ணே உங்கள் இடத்துக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். நோவாவில் கோட்டா கிளாஸ் வழியாக இதைக் கட்டளையிலேயே மாற்றலாம். நியூட்ரானில் அந்த வசதி இல்லை. நியூட்ரான் டாட் கான்ஃப் கோப்பில் கோட்டாஸ் பிரிவில் கோட்டா_போர்ட், கோட்டா_ஃப்ளோட்டிங்ஐபி என்று வரிகள் இருக்கும். மாற்றிவிட்டு நியூட்ரான் சர்வரை மறுபடி தொடங்க வேண்டும். நியூட்ரான் ஓடும் கன்ட்ரோலர் சர்வர் மூன்று இருந்தால் மூன்றிலும். ஒன்றை மறந்துவிட்டால், கோரிக்கை எந்தக் கன்ட்ரோலருக்குப் போகிறதோ அதைப் பொறுத்து வரம்பு மாறி மாறித் தெரியும்.

ஏற்கெனவே ஒரு ப்ராஜெக்ட்டுக்குத் தனியாகப் போர்ட் வரம்பு வைத்திருந்தால், தொடக்க எண்ணை மாற்றினாலும் அதில் மாற்றம் இருக்காது. அதன் எண் டேட்டாபேஸில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. பொது எண்ணுக்குத் திரும்பச் சொல்ல, ஓப்பன்ஸ்டாக் கோட்டா டெலீட் --நெட்வொர்க். பெயரில் டெலீட் இருப்பதால் பயப்பட வேண்டாம். இதில் நெட்வொர்க் எதுவும் அழியாது, தனி வரம்பு மட்டும் போகும்.

ஃப்ளோட்டிங் ஐபி: டோக்கன் வேறு, சோறு வேறு

இதைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் மற்றதெல்லாம் எண்கள், இது மட்டும் கைக்கு அகப்படுகிற பொருள். வெளி நெட்வொர்க்கில் உங்களுக்கு ஒரு /24 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 256-இல் நெட்வொர்க் முகவரியும் பிராட்காஸ்ட் முகவரியும் போக 254, கேட்வேக்கு ஒன்று போக 253. இருபது ப்ராஜெக்ட்டுக்குத் தொடக்க எண்ணான 50 வீதம் என்றால் நீங்கள் ஆயிரம் பேருக்குச் சாப்பாட்டு டோக்கன் கொடுத்துவிட்டு 253 பேருக்கு உலை வைத்திருக்கிறீர்கள்.

அந்த 253-உம் முழுசாக ஃப்ளோட்டிங் ஐபிக்குக் கிடைக்காது. ஒவ்வொரு ரவுட்டரும் வெளியே போக ஒரு முகவரி எடுக்கும். இருபது ப்ராஜெக்ட்டில் நாற்பது ரவுட்டர் என்றால் நாற்பது போயிற்று. டிவிஆர் (ரவுட்டர் வேலையைக் கம்ப்யூட் நோடுகளுக்கே, அதாவது மெஷின்கள் ஓடும் சர்வர்களுக்கே, பிரித்துக் கொடுக்கும் முறை) வைத்திருந்தால், ஃப்ளோட்டிங் ஐபி ஓடும் ஒவ்வொரு கம்ப்யூட் நோடும் தன் பங்குக்கு ஒன்று எடுக்கும். இவை எதுவும் எந்த ப்ராஜெக்ட்டின் ஃப்ளோட்டிங் ஐபி கோட்டாவிலும் தெரியாது. முப்பது கம்ப்யூட் நோட் இருந்தால் மிஞ்சுவது 183.

உண்மை நிலையைப் பார்க்க, ஓப்பன்ஸ்டாக் ஐபி அவெய்லபிலிட்டி ஷோ என்று அடித்து வெளி நெட்வொர்க்கின் பெயரைக் கொடுங்கள். மொத்தம் எத்தனை, போனது எத்தனை என்று சப்நெட் வாரியாகச் சொல்லும். இந்த எண்ணையும் எல்லா ப்ராஜெக்ட்டின் ஃப்ளோட்டிங் ஐபி வரம்புகளின் கூட்டுத்தொகையையும் நான் ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கூட்டுத்தொகை இருப்பைவிடக் கொஞ்சம் கூடலாம், எல்லோரும் ஒரே நாளில் முழுசாக எடுக்க மாட்டார்கள். எவ்வளவு கூடலாம் என்பது உங்கள் இடத்தின் பழக்கத்தைப் பொறுத்தது. நான் ஒன்றரை மடங்கைத் தாண்ட விடுவதில்லை.

புது ப்ராஜெக்ட்டுக்கு 50 வேண்டவே வேண்டாம். 2 கொடுங்கள். உள்ளே நுழைய ஒரு ஜம்ப் சர்வருக்கு ஒன்று, லோட் பேலன்சருக்கு ஒன்று. அதற்கு மேல் கேட்கிறவரிடம் எந்த மெஷினுக்கு, எதற்கு என்று கேளுங்கள். பாதிப் பேர் "எல்லா மெஷினுக்கும் எஸ்எஸ்ஹெச் பண்ணணும்" என்பார்கள். ஜம்ப் சர்வர் வழியாகப் போவது எப்படி என்று காட்டிக்கொடுத்தால் கோரிக்கையே தீர்ந்துவிடும்.

ப்ராஜெக்ட்டை மூடும்போது

கீஸ்டோனில் ப்ராஜெக்ட்டை அழித்தால் அதற்குள் இருந்த நெட்வொர்க்கும் போர்ட்டும் ஃப்ளோட்டிங் ஐபியும் தானாகப் போகாது. ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எரிகிற மாதிரி நியூட்ரானில் அப்படியே இருக்கும், பொது முகவரிகளையும் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் வரிசை முக்கியம். முதலில் ஓப்பன்ஸ்டாக் ப்ராஜெக்ட் க்ளீனப் --ட்ரை-ரன் கொடுத்து, எதெல்லாம் அழியப்போகிறது என்ற பட்டியலை ப்ராஜெக்ட்காரருக்கு அனுப்புங்கள். அவர் எழுத்தில் சரி என்று சொன்ன பிறகு ட்ரை-ரன் இல்லாமல் ஓடவிடுங்கள். மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று போர்ட் பட்டியலை ஒரு முறை பாருங்கள். அப்புறம் கோட்டா டெலீட். ப்ராஜெக்ட்டை அழிப்பது கடைசியில்தான்.

இந்த வரிசை தெரியாமல் மூடிய பழைய ப்ராஜெக்ட்டுகள் உங்கள் இடத்திலும் இருக்கலாம். ஃப்ளோட்டிங் ஐபி பட்டியலை --லாங் கொடுத்து எடுத்து, அதில் உள்ள ப்ராஜெக்ட் ஐடிகளை ப்ராஜெக்ட் லிஸ்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த ஐடிக்குச் சொந்தக்காரர் பட்டியலில் இல்லையோ, அந்த முகவரிகள் யாருக்கும் பயன்படாமல் கிடக்கின்றன. நான் முதல் முறை ஒப்பிட்டபோது பதினொன்று கிடைத்தது. அந்த வாரம் கூடுதல் ஐபி கேட்டு வரிசையில் இருந்த இரண்டு குழுக்களுக்கும் அதிலிருந்தே கொடுத்துவிட்டேன்.